சாக்ஸ் மாட்டின பாட்டில்

என் தங்கச்சிக்கு வாய்ச்ச மூக்கு யாருக்கும் வாய்க்காது. சின்ன வயசுலயே பால் பாத்திரத்தை மோந்து பார்த்துட்டு, "அக்கா, இது நாளைக்குத் திரிஞ்சிடும்"னு சொல்லுவா. மறுநாள் திரிஞ்சிருக்கும். இவ வாய் வெச்சுத்தான் திரியுதுன்னு நான் அவகூட சண்டைக்குப் போவேன். அந்த மூக்குதான் பின்னாடி அவளுக்குச் சோறு போட்டுது. ஒயின் கடையில வேலை. கம்பெனிக்காரங்க சாம்பிள் பாட்டிலோட வந்து நிப்பாங்க. இவ மோந்து, ஒரு வாய் கொப்பளிச்சு, வாளியில துப்பிட்டு, எடுக்கலாம் இல்ல வேண்டாம்னு சொல்லுவா. முதலாளி மறுபேச்சு பேசமாட்டார். கடையில அவளுக்குப் பேரே மூக்கம்மா.

ஒவ்வொரு கோடையிலயும் அவ வீட்டு மொட்டைமாடியில சிநேகிதங்களுக்கு விருந்து வைப்பா. வர்றவங்க ஆளுக்கொரு பாட்டில் கொண்டு வரணும். லேபிள் தெரியாம இருக்க அதுக்கு சாக்ஸ் மாட்டிக் கொண்டு வரணும். துவைச்ச சாக்ஸா இருக்கணும்ங்கறது எங்க வீட்டுக்காரர் ஒரு வருஷம் பண்ணின கூத்துக்கு அப்புறம் வந்த சட்டம். எல்லாரும் குடிச்சுப் பார்த்து வாய்க்கு வந்ததை உளறுவாங்க. கடைசியா மூக்கம்மா கிளாஸைச் சுழட்டி, இது என்ன திராட்சை, எந்த மாதிரி மண்ணுல விளைஞ்சதுன்னு சொல்லுவா. சாக்ஸைக் கழட்டினா பெரும்பாலும் அதேதான் இருக்கும். சமையல் மட்டும் என் பொறுப்பு. எனக்கு ஒயினைப் பத்தி ஒரு இழவும் தெரியாது. சிவப்பு, வெள்ளை, அவ்வளவுதான்.

இந்த வருஷம் முதலாளியும் அவர் சம்சாரமும் விருந்துக்கு வர்றதா இருந்தது. ரெண்டாவது கடை திறக்கப் போறார், அதை முழுசா என் தங்கச்சி கையில கொடுக்கப் போறார்னு பேச்சு. "விருந்துல வந்து சொல்றேன்"னு அவகிட்ட அவரே சொல்லியிருந்தார். கல்யாணம் காட்சின்னு எதுவும் வேண்டாம்னு அந்தக் கடையையே கட்டிக்கிட்டு அழுதவ. அவளுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

ஆனா எனக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருந்தது. குளிர்காலம் முடியற நேரத்துல அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்துது. போகும்போது அவ மோப்பத்தையும் சேர்த்துக் கொண்டு போயிடுச்சு. டாக்டர், "வரலாம், வராமலும் போகலாம்"னு கையை விரிச்சிட்டார். அதை அவ ஒரே ஒருத்திகிட்டதான் சொன்னா. என்கிட்ட இல்ல. கடையில கல்லாவுல உட்கார்றாளே, அவகிட்ட. அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே என் தங்கச்சிதான். தொழில் சொல்லிக் கொடுத்ததும் இவதான்.

புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு நாக்குக்குத் தெரியும். அதை வெச்சு மிச்சத்தை ஞாபகத்துல இருந்து ஒப்பேத்திட்டா. கெட்டுப்போன பாட்டில்தான் பிடிபடாது. கார்க் கெட்டுப்போனா ஒயின்ல நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம் அடிக்குமாம். அதைக் கண்டுபிடிக்கறதுதான் அந்தத் தொழிலுக்கே அரிச்சுவடி. அதுக்கு ரெண்டு பேரும் ஒரு ஜாடை வெச்சிருந்தாங்க. கல்லாக்காரி மோந்துட்டு ஒரு வாய் குடிச்சா நல்ல பாட்டில். கிளாஸை அப்படியே கீழே வெச்சா கெட்டது.

விருந்தன்னிக்கு முதல் பாட்டில்கள் எல்லாம் ஜோரா போச்சு. மூக்கம்மா சொல்லச் சொல்ல முதலாளி தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார். நான் அடுப்படியில கோழியை வெட்டிக்கிட்டிருந்தேன். கல்லாக்காரி உள்ளே வந்து, தான் கொண்டு வந்த பாட்டிலைத் திறந்தா. கார்க்கை மோந்து பார்த்தா. மூஞ்சி சுளிச்சுது. அப்புறம் அதைக் குப்பையில போட்டுட்டு, "வாசனை பிரமாதம்க்கா, உங்க கோழியைச் சொன்னேன்"னு சிரிச்சிட்டு பாட்டிலோட போயிட்டா. பாராட்டினதும் நானும் இளிச்சிட்டு நின்னேன், புத்தி கெட்டவ!

நான் தட்டோட வெளியே வந்தப்போ எல்லார் கையிலயும் கிளாஸ் இருந்தது. கல்லாக்காரி மோந்தா, சிரிச்சா, ஒரு வாய் குடிச்சா. என் தங்கச்சி அவளையே பார்த்துட்டிருந்தா. அப்புறம் கிளாஸைத் தூக்கி, "இன்னிக்கு வந்ததுலயே இதுதான் ராஜா. நல்லா பழுத்த பழ வாசனை"ன்னா.

முதலாளி சம்சாரம் கர்ச்சீப்பை எடுத்து மூக்குல வெச்சுக்கிட்டாங்க. எனக்கும் ஒரு கிளாஸ் நீட்டினாங்க. மூக்குகிட்ட கொண்டு போனதுதான் தாமதம், "அய்யய்யே! என்னடி இது, மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி நாறுது!"ன்னு போட்டு உடைச்சேன். தங்கச்சி விளையாட்டாத்தான் ராஜான்னு சொல்றான்னு நினைச்சேன். எப்பவும் அப்படித்தான் எங்களை மடக்குவா. சிரிக்கக்கூட செஞ்சேன்.

முதலாளி கல்லாக்காரி பக்கம் திரும்பி, "உனக்குத் தெரியலையா?"ன்னு கேட்டார்.

"தெரிஞ்சுது சார். அவங்க சொல்றப்போ நான் எப்படி..." அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "காய்ச்சலுக்கு அப்புறம் அக்காவுக்கு வாசனையே தெரியறதில்ல சார். இவ்வளவு நாளா நான்தான் முட்டுக் கொடுத்துட்டிருந்தேன். இனிமே என்னால முடியாது."

அடிப்பாவி! கூடவே இருந்து குழி பறிக்கறதுன்னா இதுதான். கையில இருந்த தட்டை அவ தலையிலயே கவுத்திருப்பேன், எங்க வீட்டுக்காரர் முழங்கையைப் பிடிச்சுக்கிட்டார்.

என் தங்கச்சி எழுந்திரிக்கல, கத்தல. "நீ குடிச்சியேடி"ன்னு மட்டும் கேட்டா. அந்தக் கேள்வி அங்கே இருந்தவங்க யாருக்கும் புரியல. புரிஞ்சவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

முதலாளி நல்லவர்தான். கிளம்பறப்போ, "முதல்ல உடம்பைப் பார்த்துக்கோம்மா. புதுக் கடையை இப்போதைக்கு அவ பார்த்துக்கட்டும்"னு தன்மையாத்தான் சொன்னார். தன்மையா சொன்னா மட்டும் வலிக்காதா? கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாம போச்சு.

எல்லாரும் போனப்புறமும் மாடியில வெளிச்சம் இருந்தது. ரெண்டு பேரும் கிளாஸ் கழுவினோம். ஜாடை கதையையெல்லாம் அப்பத்தான் சொன்னா. கையில இருந்த கிளாஸை டொக்குன்னு வெச்சேன்.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் சூப் மூடியைத் திறந்து, ஆளைத் தூக்குதுக்கான்னு சொல்வியே. அதுவும் பொய்யா?"

"ஆமாக்கா."

"ஊர்ல எவளோ ஒருத்திகிட்ட சொன்னியே, கூடப் பொறந்தவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா? சொல்லியிருந்தா இன்னிக்கு வாயை மூடிக்கிட்டு அந்தக் கண்ராவியைக் குடிச்சிருப்பேனேடி!"

அவ ஈரக் கையோட என்னைப் பார்த்தா.

"உன்கிட்ட சொன்னா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும்னு பயந்தேன்க்கா. அவ வாயே திறக்கமாட்டான்னு நம்பினேன்."