புண்ணைப் படமெடுக்க ஒரு கேமரா

என் அக்கா வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். தினமும் புண்ணைப் படமெடுத்து மருத்துவமனை டாக்டருக்கு அனுப்புவாள். அதைப் பார்த்துத்தான் அவர் மருந்து சொல்லுவார். இதற்குச் செல்போன் போதாதா, தனியாகக் கேமரா எதற்கு என்று அவளோடு மல்லுக்கு நின்றவன் நான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செல்போன் போதவில்லை. யாரைப் பார்த்தாலும் வெள்ளையடித்துவிடுகிற சாமான் அது. என் மூஞ்சியே அதில் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். சர்க்கரை நோயில் கால் புண்ணாகிப் படுத்திருந்த தையல்காரருக்கும் அதே அலங்காரத்தைச் செய்துவிட்டது. புண்ணின் ஓரம் கறுத்துக்கொண்டிருந்தது. படத்தில் இளஞ்சிவப்பாக விழுந்தது. டாக்டர் அதே மருந்தைத் தொடரச் சொன்னார். இல்லை, கறுப்புதான் என்று அக்கா இரண்டு நாள் போனில் சண்டை போட்டு, ஆளை நேரில் கொண்டுபோய்க் காட்டுவதற்குள் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்னொரு தடவை தாமதித்தால் பாதமே போய்விடும் என்றார் டாக்டர். காலால் மெஷின் மிதித்துப் பிழைக்கிற மனிதர் அவர்.

அந்த வாரமே கடைக்குப் போனோம். விற்பனையாளர் மலையை எடுக்கலாம், பறவையை எடுக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தார். அக்கா சட்டைக் கையைச் சுருட்டி, நோயாளியின் கட்டிலில் இடித்துக்கொண்டதில் வந்த ரத்தக்கட்டைக் காட்டினாள். நடுவில் ஊதா, ஓரத்தில் லேசான மஞ்சள்.

"இத நாலு விரக்கடை தூரத்துல எடுங்க. கையில எப்படி இருக்கோ அப்படியே வரணும்" என்றாள்.

கடை விளக்கில் ஒரு படம், வாசல் வெளிச்சத்தில் ஒரு படம் என்று ஏழு கேமராக்களுக்கும் இதே சோதனை. மஞ்சளை முழுங்கியவை எல்லாம் ஓரங்கட்டப்பட்டன. மிஞ்சிய மூன்றில் ஒன்றை ஒரு கையால் இயக்க முடியவில்லை. மறு கையில்தான் பஞ்சு இருக்குமே. மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாகத் தன் நர்ஸ் கோட்டின் பையில் போட்டுக்கொண்டு கடை நடுவிலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. "பெருசா இருந்தா ஒரு நாள் வீட்லயே வச்சுட்டுப் போயிடுவேன்டா. அன்னிக்குத்தான் தேவைப்படும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, சோப்புக்கட்டி அளவில் இருந்ததை எடுத்துக்கொண்டாள். விற்பனையாளருக்கு வேர்த்துவிட்டது, எனக்குப் பசியில் உயிர் போனது. ஆனாலும் இன்னதுதான் வேண்டும் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்துகொண்டு பொருள் வாங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை.

கேமரா வாங்கிய மூன்றாவது வாரம் ஒரு நாள் காலையில், தையல்காரரின் புண்ணோரத்தில் சாம்பல் நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு. கேமரா அதை மறைக்கவில்லை. படத்தைப் பார்த்த டாக்டர் பத்தே நிமிடத்தில் தானே கூப்பிட்டு, உடனே அழைத்துவரச் சொன்னார். அன்றைக்கே செத்த சதையை வழித்தெடுத்தார்கள். பாதம் தப்பியது.

புண் ஆறிய பிறகு ஒருநாள் அக்காவை வண்டியில் கொண்டுபோய் விட்டேன். தையல்காரர் எல்லாப் படங்களையும் காட்டச் சொன்னார். கேமராவைக் கையில் வாங்கி ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"பயத்துல இந்தக் கால நான் ஒரு நாள்கூடப் பாத்ததில்லம்மா. நீதான் தினமும் பாத்திருக்க" என்றார்.

பிறகு கேமராவை அவள் கையில் கொடுத்துவிட்டு, மெல்லக் குனிந்து தன் காலைப் பார்த்தார்.