யானையை முதலில் தொட்ட கிராண்ட்மாஸ்டர்: மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சிதம்பரம் வரை

சிதம்பரம் போய் கோயில் பார்க்காமல் திரும்பிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டில் இன்னும் திட்டு விழுகிறது. நான் போனது சதுரங்கம் பார்க்க. என் ஆட்டம் படுமோசம். ஆனால் அடுத்தவர் ஆட்டத்தைப் பார்க்கும் பைத்தியம் எனக்கு உண்டு. பதினைந்து வருடமாக நான் பின்தொடரும் கிராண்ட்மாஸ்டர் குணசீலன், தன் சொந்த மாவட்டத்தில் நடக்கும் போட்டியில் ஆடப்போகிறார் என்ற செய்தி மே மாதம் வந்தது. சனி, ஞாயிறு என்று கணக்குப் போட்டுப் பையைத் தூக்கிவிட்டேன்.

கிராண்ட்மாஸ்டர்கள் இப்படிப்பட்ட போட்டிகளுக்குப் பொதுவாக வரமாட்டார்கள். தரப்புள்ளி குறைந்தவர்களிடம் ஒரு டிரா செய்தால்கூட அவர்களுடைய புள்ளி மளமளவென்று இறங்கிவிடும். ஜெயித்தாலோ ஏறுவது சொற்பம். அப்படியிருந்தும் இவர் வருகிறார் என்றால் பார்க்க வேண்டாமா?

சேலத்திலிருந்து பண்ருட்டிக்குப் பேருந்தில் நாலரை மணி நேரம். இறங்கியதும் பலாச்சுளை வாங்கிக்கொண்டு கடலூர் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பத்து கிலோமீட்டருக்குள் மேல்பட்டாம்பாக்கம் வந்துவிடுகிறது. அங்கே சுந்தர் பைக்கோடு காத்திருந்தார். என் வலைப்பூவைப் படித்துவிட்டு எனக்கு எழுதியவர், காட்டுமன்னார்கோயிலில் அரிசி மில் வைத்திருக்கிறார். குணசீலனும் அவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஒரே பலகையில் ஆடியவர்கள். பிறகு சுந்தரின் தங்கை தேன்மொழியை குணசீலன் கட்டிக்கொண்டதால் மச்சான் முறையும் ஆகிவிட்டது.

"இந்த வீட்டு மாடியிலதாங்க ஆடுவோம். ஒரு நாளைக்கி நான் ஜெயிப்பேன், ஒரு நாளைக்கி அவன் ஜெயிப்பான். சண்ட போடாத நாளே கெடையாது," என்று ஒரு பூட்டிய வீட்டைக் காட்டினார்.

பள்ளி முடிந்ததும் இருவரும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் சைக்கிள் கடைக்கு மேலே இருந்த ஒரு சதுரங்கக் கழகத்துக்கு பஸ் ஏறுவார்களாம். அதையும் பார்க்க வேண்டும் என்றேன். இருபது கிலோமீட்டர் பைக் பயணம். இப்போது அங்கே செல்போன் கடை இருக்கிறது. மாடிப்படி மட்டும் அப்படியே இருந்தது. படியில் உட்கார்ந்தபடி சுந்தர் மீதிக் கதையைச் சொன்னார்.

சுந்தரின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, அவர் மில்லுக்குப் போய்விட்டார். குணசீலன் வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் கிளம்பினார். கிராண்ட்மாஸ்டர் ஆக மூன்று பெரிய போட்டிகளில் குறிப்பிட்ட தரத்தில் ஆடிக் காட்ட வேண்டும். இரண்டு முறை அரைப் புள்ளியில் கோட்டை விட்டார். கையில் எப்போதும் ஒரு ரைஸ் குக்கர். போலந்தில் ஒரு விடுதி அறையில் ரசத்துக்குத் தாளிக்கப்போய், தீ எச்சரிக்கை மணி அடித்து, கட்டடம் மொத்தமும் குளிரில் தெருவுக்கு வந்துவிட்டது. மறுநாள் எதிராளி அவரைப் பார்த்ததும் முதல் வேலையாகக் காற்றை முகர்ந்து பார்த்தாராம். அந்த ஆட்டத்தில் ஜெயித்துத்தான் பட்டம் வந்தது.

"உங்களுக்குப் பட்டம் எதுவும்...?" என்று இழுத்தேன்.

"கேண்டிடேட் மாஸ்டர்னு ஒண்ணு இருக்குங்க. தரப்புள்ளி 2200 தொட்டாப் போதும். எத்தன வருசமா வாசல்லயே நிக்கிறேன் தெரியுமா? இன்னைக்கி ஓய்வு நாள், நாளைக்கிக் கடைசி ரவுண்டு. டிரா பண்ணாக்கூட வந்துரும்."

"யாரோடு ஆட்டம்?"

சிரித்தார். "அவனோடதான். அதான் பிரச்சனையே. எந்தங்கச்சி அவங்கிட்ட 'அண்ணனுக்கு ஒரு டிரா குடுத்துட்டு வாங்க'ன்னு நேத்தே சொல்லிட்டா. அப்படிக் கெடச்சா எனக்கு வேணாங்க. ஊரே சிரிக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொடுத்தால் இவருக்கு அவமானம், கொடுக்காவிட்டால் பட்டம் இல்லை. அன்று கடலூரில் தங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறைகள் கிடைக்கும்.

ஞாயிறு காலை ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தேன். சிதம்பரம் 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டு ஆட்டோ ஏறினேன். ஓட்டுநர் என்னை நேராகக் கீழவீதிக் கோபுரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

"அண்ணா, நான் கல்யாண மண்டபத்துக்குப் போகணும். செஸ் போட்டி நடக்குதே!"

"வெளியூர்லேந்து இதுக்கா வந்தீங்க? நல்லா இருக்குக்கா!" என்று வண்டியைத் திருப்பினார்.

கல்யாண மண்டபத்தில் மணமேடை இருக்கும் இடத்தில் முதல் பலகை. குணசீலன் நாற்பது வயதுக்காரர்; நேரில் கொஞ்சம் குண்டு. எதிரே சுந்தர், இஸ்திரி போட்ட புதுச்சட்டையில். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் நகத்தைக் கடித்தேன்.

அரை மணி நேரத்தில் அது நடந்தது. ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் இடம் மாற்றி, ராஜாவைப் பத்திரமாக மூலைக்கு அனுப்புவதற்கு கேஸ்லிங் என்று பெயர். போட்டிகளில் ராஜாவைத்தான் முதலில் தொட வேண்டும். யானையைத் தொட்டுவிட்டால் யானையை மட்டும்தான் நகர்த்தலாம். வீட்டில் ஆடும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? குணசீலன் யானையைத் தூக்கினார். உடனே கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

குணசீலனே நடுவரைக் கூப்பிட்டார். "சார், யானையத்தான் மொதல்ல தொட்டேன்."

நடுவர் நம்பாமல் ஒரு கணம் பார்த்துவிட்டு, "அப்ப யானையத்தான் சார் வைக்கணும்," என்றார். யானை நகர்ந்தது. ராஜா நடுப்பலகையில் மாட்டிக்கொண்டது. சுந்தருக்கோ முகம் சிவந்துவிட்டது. தங்கைக்காகத்தான் இவன் விட்டுக்கொடுக்கிறான் என்று அவர் முடிவு கட்டிவிட்டது எனக்கே தெரிந்தது.

இன்னும் எட்டு நகர்த்தல் தாண்டியதும் குணசீலன் மெதுவாக, "டிரா?" என்றார்.

பட்டம் மேசைக்கு வந்துவிட்டது. தலையை ஆட்டினால் போதும். சுந்தர் குதிரையை எடுத்து டொக்கென்று வைத்தார், வேண்டாம் என்று அர்த்தம். எனக்குப் பக்கத்தில் நின்றவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் மனதுக்குள் கத்தியே விட்டேன்.

கோபத்தில் ஆடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. அவசரப்பட்டுத் தாக்கி, கையிலிருந்த வெற்றியைத் தொலைத்து, ஒரு சிப்பாயையும் இழந்தார் சுந்தர். குணசீலன் அதன் பிறகு கொஞ்சமும் தயவு காட்டவில்லை. பிழியோ பிழியென்று பிழிந்தார். மற்ற பலகைகள் எல்லாம் காலியாகி, மண்டபத்துக்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். சுந்தர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு காயாக வெட்டுப்பட்டு, கடைசி சிப்பாயும் சுந்தரின் ராஜாவிடம் விழுந்தபோது பலகையில் மிச்சமிருந்தவை இரண்டு ராஜாக்கள் மட்டுமே. அதற்கு மேல் ஜெயிக்க யாராலும் முடியாது. டிரா. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

அவர்கள் கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்குள், போக நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை. இந்த மாதிரிப் போட்டிகளுக்குப் பார்வையாளர் கட்டணம் கிடையாது, ஆனால் செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்; கையில் கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றுக்குச் சீக்கிரம் போனால்தான் கயிற்றோரம் இடம். ரயிலில் கடலூர் வருகிறவர்கள் திருப்பாதிரிப்புலியூரில் இறங்குங்கள், பேருந்து நிலையம் பக்கம். மே மாதம் வேண்டவே வேண்டாம், வெயில் கொல்கிறது. பெரிய போட்டிகளைத் திரையில்தான் பார்க்க முடியும். இங்கே ஆடுகிறவர் மூச்சு வாங்குவதே காதில் விழும். முடிந்தால் கோயிலுக்கும் போய்விடுங்கள், வீட்டில் நிம்மதியாக இருக்கலாம்.

மண்டபத்து எதிரில் டீக்கடை. கிளாஸைக் கையில் வாங்கியதுமே சுந்தர் ஆரம்பித்தார். "வேணுன்னுதான யானைய தொட்ட?"

"போடா மச்சான். ஒலகம் பூரா ஒழுங்காத்தான் ஆடறேன். ஒன் எதிர்ல ஒக்காந்தா கை தானா நம்ம மாடிக்கிப் போயிடுது."

"அப்ப டிரா கேட்டது?"

"தோத்துருவேன்னு பயந்து கேட்டேன்டா! நீ என்னடான்னா மொறச்சிக்கினு குதிரைய வைக்கிற."

சுந்தர் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார். அந்த நேரம் குணசீலனின் போன் அடித்தது. தேன்மொழி. சேதி அதற்குள் போய்விட்டிருக்கிறது. ஸ்பீக்கரே தேவைப்படவில்லை, அப்படி ஒரு குரல்.

"டிராவாமே! அண்ணனுக்குப் பட்டம் வந்துருச்சாமே! நான் சொன்னத ஒரு தடவையாச்சும் கேட்டீங்களே, ரொம்ப சந்தோசம்ங்க!"

கிராண்ட்மாஸ்டர் மச்சானைப் பார்த்தார். கேண்டிடேட் மாஸ்டர் தரையைப் பார்த்தார். கடைசியில் சுந்தர்தான் போனை வாங்கினார்.

"ஆமாம்மா," என்றார், "ஒன்னாலதான்."