குடிக்காதவனின் தள்ளாட்டம்

என் அண்ணன் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை, இஸ்திரி போட்ட சட்டை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் எடுத்த கௌரவம். நான் பாதிப் படிப்போடு நின்றவன். கொஞ்ச காலம் லாரியில் கிளீனர், கொஞ்ச காலம் ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைப்பு, இடையில் கேரளாவுக்கு ஓட்டம். ஊர் திரும்பும்போதெல்லாம் குடி. "அண்ணனப் பாத்துமாலே உனக்குப் புத்தி வரல?" என்று கேட்காத ஆளில்லை. அவனைப் பார்த்து எனக்குப் புத்தி வந்ததில்லை. வயிறுதான் எரிந்தது.

எண்பதுகளின் கடைசியில் ஒருமுறை நான் திரும்பி வந்தபோது அவன் கண் மஞ்சளாக இருந்தது. முந்தின வருஷம் காமாலை வந்து, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, உப்பில்லாப் பத்தியம் இருந்து, தேறிவிட்டதாக நினைத்திருந்தார்கள். இப்போது கை கால் மெலிந்து, வயிறு மட்டும் நீர் கோத்துப் பானை மாதிரி நின்றது. நீரை இறக்க என்று யாரோ கொடுத்த பேதி மருந்தை வேறு சில நாட்களாகக் குடித்துவந்தான்.

அந்த வாரம் அவன் கொழுந்தியாள் வயசுக்கு வந்த சடங்கு. மதினி முன்னாலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். அண்ணனை நான்தான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் தூங்கி விழுந்தான். பந்தலுக்குள் நுழைந்ததும் கால் பின்னியது. வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் நின்றான். அவன் மாமனார் "வாங்க மாப்ளே" என்று கைகூப்ப, இவன் நாக்குக் குழற, "டிக்கெட் எடுத்தாச்சு, டிக்கெட் எடுத்தாச்சு" என்றான்.

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஏலே, தங்கமான மனுசனையும் கெடுத்துட்டியேலே! வழியில எந்தக் கடையில எறக்குன?" என்றார் மாமனார்.

"சத்தியமா இல்ல மாமா. அண்ணன் குடிக்கவே இல்ல."

"ஆமா, உன் சாட்சிய கோர்ட்டுல எடுத்துக்குவாக."

சிரித்தார்கள். நாலு பேர் ஓடிவந்து அவனைத் தாங்கினார்கள். ஒருவர் வேட்டியைக் கட்டிவிட்டார். கட்டிலில் மெத்தை விரித்து, தலையணை வைத்து, மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினார்கள். தெளியட்டும் என்று மோரில் எலுமிச்சம்பழம் பிழிந்து வந்தது.

அதே வீட்டில், அவன் கல்யாணத்தன்று, நானும் இப்படி விழுந்தேன். இழுத்துக்கொண்டுபோய் மாட்டுத் தொழுவத்தில் போட்டார்கள். எழுந்தபோது கன்னத்தில் சாணி. குடிகாரனாகத் தெரிந்தாலும் அவனுக்குத் தலையணை உண்டு. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் குனிந்து அவன் வாயை மோந்தேன். சாராயம் இல்லை. அழுகிய பழம் மாதிரி இனிப்பும் பூஞ்சையுமாக ஒரு வாடை. தம்ளரை வாங்க அவன் நீட்டிய கை மணிக்கட்டில் மடங்கி மடங்கி நிமிர்ந்து படபடத்தது. குடித்தவன் கை நடுங்கும், இப்படி அடித்துக்கொள்ளாது.

"மதினி, இது சரக்கு இல்ல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"சும்மா கெடங்க கொழுந்தனாரே. செத்த நேரம் தூங்குனா அவியளுக்குத் தெளிஞ்சிரும்."

"தெளியாது மதினி. தெளியறது எப்படின்னு எனக்குத் தெரியாதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் என்னை நம்பலாம் என்று பட்டிருக்க வேண்டும். "அப்பா, வண்டியக் கூப்பிடுங்க" என்றாள்.

டாக்டரும் முதலில், "எவ்வளவு நாளா குடிக்கிறார்?" என்றுதான் கேட்டார். மதினி அழுதாள். ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு சொன்னார்: காமாலைக் கிருமி உடம்பிலேயே தங்கி ஈரலைச் சுருக்கிவிட்டது. குடிக்காதவர்களுக்கும் இது வரும். சரியாகக் கொதிக்க வைக்காத ஊசியில் ஒட்டிக்கூட வந்திருக்கலாம். ஈரல் கழிக்க வேண்டிய விஷம் மூளைக்கு ஏறியதால்தான் தள்ளாட்டம். பேதியில் உடம்பு வற்றியது அதைக் கிளப்பிவிட்டது.

குளுக்கோஸ் ஏற்றினார்கள், குடலில் தேங்கிய விஷத்தைக் கழுவ எனிமா கொடுத்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் நினைவு தெளிந்தது. மாமனார் கட்டிலருகே நின்று, "குடிக்காத மனுசனச் சந்தேகப்பட்டுட்டமே" என்று கண்ணைத் துடைத்தார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதுவும் எரிந்தது.

ஈரல் இனி மீளாது, ரத்த வாந்தி எடுத்தால் தாங்காது என்றார் டாக்டர். சில வாரங்களில் அப்படித்தான் போனான். அன்று டாக்டர் சொன்னதைப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்த அண்ணன், என்னைக் காட்டினான்.

"டாக்டர், இவன் மீச மொளைக்கிறதுக்கு முன்னருந்து குடிக்கான். இவனையும் பாருங்க."

சட்டையைக் கழற்றிப் பக்கத்துக் கட்டிலில் படுத்தேன். டாக்டர் வலது விலாவுக்குக் கீழே அழுத்தினார், மூச்சை இழுக்கச் சொன்னார், கண்ணிமையை இறக்கிப் பார்த்தார். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. குடியை விட்டா பிழைச்சுக்குவ."

அண்ணன் என் வயிற்றையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். அவன் புதுச்சட்டை போட்ட நாளெல்லாம் நான் அவனைப் பார்த்த பார்வை அது. அவனுக்கு இல்லாத ஒன்று முதல்முறையாக என்னிடம் இருந்தது.

"எந்திரிலே. சட்டையப் போடு."

அவசரத்தில் பொத்தானை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினேன். அவனுக்குப் பொறுக்கவில்லை. சரிசெய்யக் கையை நீட்டினான். மணிக்கட்டு மறுபடியும் படபடத்தது.