நாகைக்குச் சொன்ன மழை

அந்த ஐப்பசியில் நான் தினமும் பார்த்தது நாகப்பட்டினத்து வானிலையைத்தான். என் தங்கை அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஆனால் அவளுக்காக மட்டும் பார்க்கவில்லை. கல்லல் பக்கம் நாங்கள் புழுதியில் விதைத்த நெல் முதல் மழைக்கு முளைத்து, அடுத்த மழை கிடைக்காமல் நுனி கருகிக்கொண்டிருந்தது. கடலில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு நாகைக்கு வடக்கே போனால் எங்களுக்கு வெறும் காற்று. தெற்கே இறங்கினால் மழை.

அன்று காலைச் செய்தியில் நாகைக்குக் கனமழை, எங்கள் மாவட்டத்துக்கு லேசான தூறல் என்றார்கள். காரைக்குடியில் மின்சாமான் கடை வைத்திருக்கும் என் கணவர், "நமக்கு இல்ல, விடு" என்று சட்டையை மாட்டினார். அந்நேரம் தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, இங்க பள்ளிக்கூடம் லீவு விட்டாக, ஆனா மழை பெருசா இல்ல. தாழ்வு தெக்க எறங்குதுன்னு இப்பத்தான் மாத்திச் சொல்றாக. மேகமெல்லாம் உங்க பக்கந்தான் ஓடுது!"

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எங்கள் வயலுக்குப் பாயும் கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய் முள்ளும் மண்ணுமாக அடைந்து கிடந்தது.

"கடையை அப்புறம் தெறக்கலாம். வாரீகளா, நான் மட்டும் போகட்டுமா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் கைலியைத் தேடினார்.

கால்வாயில் இறங்கியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. பக்கத்து வயல்காரர் கரையில் நின்று சிரித்தார்.

"என்னத்தா, வெயிலைப் பாச்சவா வாய்க்கா வெட்டுறீக?"

"நாகையில இருந்து தகவல்ணே. மழை வருது!"

சிரித்தபடியே போனவர், திரும்பி வரும்போது அரிவாளோடு வந்தார். மூவரும் கருவேலம் முள்ளை வெட்டி இழுத்துப் போட்டோம். என் முழங்கையெல்லாம் கீறல். மத்தியானம் தாண்டி கிழக்கே கறுத்தது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் என் கணவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

தூறல் இல்லை, எடுத்த எடுப்பிலேயே கொட்டியது. நாங்கள் ஒதுங்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு செந்தண்ணீர் கால்வாயில் வந்தது. "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று அதன் கூடவே கரையில் ஓடினார் என் கணவர். வீட்டில் அதிர்ந்து ஒரு சொல் பேசாத மனிதர். வழுக்கி விழுந்து எழுந்தும் ஓடினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மழை விட்டு விட்டு நாலைந்து நாள் பெய்தது. கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்தது. கருகிய நுனிக்குக் கீழிருந்து புதுப்பச்சை கிளம்பி வந்ததைத் தங்கைக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.