வாழவந்தி நாட்டில் நின்று நின்று ஓடிய கம்ப்யூட்டர்

பூங்கொடி போன் செய்தபோது நான் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருந்தேன். நாமக்கல் போய் ஸ்பேர் வாங்கி வரலாம் என்று கிளம்பிய நாள். சேந்தமங்கலத்தில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை இருக்கிறது. ஆனால் கடையில் உட்கார எனக்கு வராது. ஒரு இடத்தில் அரை மணி நேரம் இருந்தால் கால் தானாக ஆடும். "உன்னைக் கட்டியதற்கு ஒரு பஸ்ஸைக் கட்டியிருக்கலாம்" என்பார் வீட்டுக்காரர்.

பூங்கொடி மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டுக்காரி. பழைய பாகங்களை வைத்து அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுத்தது நான்தான். போனில் அவள் குரல் உடைந்திருந்தது.

"அக்கா, சிஸ்டம் ஆன் ஆவ மாட்டேங்குது. ரெண்டு மணிக்கு டெஸ்ட் இருக்குதுங்க்கா. இன்னைக்கு உட்டா அவ்வளவுதான்."

விஷயம் எனக்கு முன்பே தெரியும். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில் சரிபார்க்கும் வேலைக்கு ஆள் எடுத்தது. அதற்கான டெஸ்ட். எந்தக் கம்ப்யூட்டரில் அவர்களுடைய சாஃப்ட்வேரைப் போட்டுப் பதிவு செய்தோமோ, அதில் மட்டும்தான் எழுத முடியும். என் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் பயனில்லை. அவள் புருஷன் போர்வெல் லாரியில் வேலைக்குப் போனவன், ஒடிசா பக்கம் எங்கேயோ இருந்தான். கைக்குழந்தைக்கு அவன் முகம் போனில்தான் பழக்கம். இந்த வேலை கிடைத்தால் அவனைத் திரும்பி வரச் சொல்லிவிடலாம், தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

நாமக்கல் பஸ்ஸை விட்டுவிட்டு மலை பஸ் ஏறினேன்.

யார் தொட்டது?

ஐப்பசி மழை விட்டு நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஊர்ந்தது. மேலே ஏற ஏறப் பனிமூட்டம். டிரைவர் நிதானமானவர். எனக்கோ இறங்கித் தள்ளலாமா என்றிருந்தது. நம் தொழிலில் மலை என்றாலே ஈரம் என்று அர்த்தம். சுவர் வேர்க்கும், போர்டில் பூஞ்சை பிடிக்கும், ரேமில் களிம்பு ஏறும். அதனால் பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன், ஈரம்தான் என்று. பார்க்காமலே நோயைச் சொல்கிற டாக்டர் மாதிரி.

வீட்டுக்குள் நுழையும்போதே மணி பத்தைத் தாண்டிவிட்டது. பூங்கொடி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. அவள் மாமியார் வெள்ளையம்மா மரவள்ளித் தோட்டத்திலிருந்து சேற்றுக் காலோடு வந்து ஒதுங்கி நின்றார். ஐம்பது வயது இருக்கும், இறுகிய உடம்பு. மாமியார், மருமகள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது வந்த உடனே தெரிந்தது.

வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். யாராவது தொட்டீர்களா?

பூங்கொடி மாமியாரைப் பார்த்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று மலையிலேயே பைல் நாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள், மழை முழுக்க அங்கேயே இருந்துவிட்டாளாம். போகும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மழை விட்டு நேற்று மாலை வந்து போட்டால் இப்படி. "நான் ஒண்ணும் சொல்லலீங்க்கா. ஊட்ல இவங்க மட்டுந்தான் இருந்தாங்க" என்றாள். ஒன்றும் சொல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

எனக்குக் குடும்பச் சண்டையைக் கேட்க நேரமில்லை. பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, பீப் பீப் என்று கத்தியது, திரையில் ஒன்றும் வரவில்லை. ரேம் பிரச்சினை. கழற்றி, அதன் தங்க நிற முனைகளை ரப்பரால் தேய்த்து, திரும்பச் சொருகினேன். படம் வந்தது. பூங்கொடி குழந்தைக்கு முத்தம் கொடுத்தாள். நான் பையை மூடத் தொடங்கினேன்.

பட்டென்று அணைந்தது.

மறுபடி போட்டேன். விண்டோஸ் அடையாளம் வந்து வட்டம் சுற்றியது, அணைந்தது. மறுபடி போட்டேன். அடையாளம் வரும் முன்பே அணைந்தது. சரி, பவர் சப்ளை என்று பையில் இருந்த எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். அப்படியேதான். வோல்டேஜ் என்று நினைத்து ஸ்டெபிலைசரைக் கழற்றி நேராகக் கொடுத்தேன். அதுவும் இல்லை. மணி பதினொன்றரை. நான் பட்டனை அழுத்த, அது அணைய, நான் அழுத்த, அது அணைய, எனக்கும் அதற்கும் ஏதோ போட்டி நடப்பதுபோல் ஆகிவிட்டது. பூங்கொடி பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஃபார்மேட் போட்டுப் பார்க்கலாம் என்று கைகூடப் போனது. போட்டால் அந்த டெஸ்ட் சாஃப்ட்வேரும் சேர்ந்து போய்விடும். கையை இழுத்துக்கொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது குழந்தைதான். அது வீறிட்டு அழ ஆரம்பித்தது. பூங்கொடியிடமிருந்து நான் வாங்கி வாசலில் கொஞ்ச நேரம் உலாத்தினேன். திரும்பி வந்து போட்டபோது கம்ப்யூட்டர் டெஸ்க்டாப் வரைக்கும் போய்விட்டு அணைந்தது. உடனே போட்டேன், சீக்கிரம் நின்றது. இன்னொரு தடவை, இன்னும் சீக்கிரம்.

ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது, உடனே போட்டால் நிற்கிறது. அப்படியென்றால் சூடு. நான் பொறுமையில்லாமல் அழுத்தி அழுத்தி அதை மேலும் சுட வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிராசசர் மேல் இருக்கும் ஹீட் சிங்கைத் தொட்டேன். விரலைச் சுட்டது.

சாமை

ஹீட் சிங்க் என்பது அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு கட்டி. அதன் மேல் சின்ன ஃபேன் உட்கார்ந்திருக்கும். பிராசசரின் சூட்டைத் தகடுகள் வாங்கிக்கொள்ள, ஃபேன் ஊதித் தள்ளும். இங்கே தகடுகளுக்கு இடையில் கறுப்பாக அடைத்திருந்தது. முதலில் பார்த்தபோது தூசி என்றுதான் நினைத்தேன். தூசி என்றால் ஊதினால் பறக்க வேண்டும். இது பசை போல ஒட்டியது. விரலை முகர்ந்தேன். விறகுப் புகை.

கேபினட்டைத் தலைகீழாகச் சாய்த்தேன். உள்ளேயிருந்து கலகலவென்று சின்னச் சின்னத் தானியம் தரையில் கொட்டியது. பூங்கொடி குனிந்து எடுத்துப் பார்த்தாள். சாமை.

அவள் முகம் மாறியது. "அத்தை, இதுக்குள்ள சாமை எப்படீங்க வந்துது?"

வெள்ளையம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நேரம் பேசாதவர் அப்போதுதான் பேசினார், அவளிடம் இல்லை, என்னிடம்.

"மழ விடவே இல்லீங்க அம்மிணி. செவுரெல்லாம் தண்ணி ஓடுச்சு. இந்தப் பொட்டி நனஞ்சு கெட்டுப்போச்சுன்னா எம் பையன் ஊடு வந்து சேர மாட்டானேன்னு பயந்துட்டனுங்க. வர்ற வருசத்து வெதைய எங்க வெப்பனோ, அங்கதான் வெச்சேன்."

அடுப்புக்கு மேலே பரண். அந்த வீட்டில் ஈரமும் வண்டும் அண்டக்கூடாத பொருளுக்கு அதுதான் இடம். விதைச் சாமையும் தினையும் பானைகளில் அங்கேதான் இருந்தன. ஒரு பானையை ஒதுக்கிவிட்டு, ஒயரை எல்லாம் பிடுங்கி, இந்தப் பெட்டியை மட்டும் தூக்கி அங்கே வைத்திருக்கிறார். மருமகள் வருகிறாள் என்றதும் இறக்கித் துடைத்து, எந்த ஒயர் எந்த ஓட்டையில் இருந்தது என்று ஞாபகமாகச் சொருகியும் வைத்துவிட்டார். ஒன்றுகூட மாறவில்லை. அத்தனை நாள் அடுப்புப் புகை முழுவதும் பெட்டிக்குள் போயிருக்கிறது. அடியிலிருந்து வந்த அனலில், சூட்டைக் கடத்துவதற்காகப் பிராசசர் மேல் தடவியிருந்த பேஸ்ட்டும் காய்ந்து பொடியாகிவிட்டது.

பூங்கொடி கையிலிருந்த சாமையைக் கீழே போடவில்லை.

மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. பேஸ்ட் பையில் இருக்கிறது, இந்தக் கரியை எடுப்பதுதான் பாடு என்றேன். பிரஷ் போட்டேன், வழுக்கியது. ஸ்பிரிட் போட்டேன், மேலாகத்தான் போனது.

"அத மட்டும் தனியாக் கழட்ட முடியுமுங்களா?" என்றார் வெள்ளையம்மா.

ஃபேனை விலக்கி ஹீட் சிங்கைக் கழற்றிக் கொடுத்தேன். அது வெறும் அலுமினியம்தான், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. கரிபிடித்த சட்டியைத் தேய்ப்பதுபோல் சாம்பலும் சோப்பும் போட்டு, சீமாற்றுக் குச்சியை முனையில் நசுக்கி ஒவ்வொரு தகட்டுக்கு இடையிலும் விட்டு எடுத்தார். நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், ஃபேனைத் துடைத்தேன், மறுபடி எழுந்தேன். அவர் ஒரு தகட்டைக்கூட விடவில்லை. கடைசியில் என்னிடம் நீட்டியபோது அது நான் விற்ற நாளில் இருந்ததைவிடப் பளபளத்தது.

ஈரம் போக வேண்டுமே என்றேன். அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார், பிறகு தயங்கி என்னைப் பார்த்தார்.

"வைங்க்கா" என்றேன். "இந்தத் தடவ நானே சொல்றேன்."

மூன்று பேரும் சிரித்தோம். அன்று முதல் சிரிப்பு அது.

இரண்டு மணி

பேஸ்ட் தடவி மாட்டிப் போட்டேன். டெஸ்க்டாப் வந்தது. நின்றது. நின்றது என்றால் அணையாமல் நின்றது. கேபினட் கதவைத் திறந்தே வைத்து, பக்கத்தில் டேபிள் ஃபேனை ஓட விட்டேன். பூங்கொடி முகம் கழுவி வந்து உட்கார்ந்தாள். கேமராவில் அவள் முகம் மட்டும்தான் தெரிய வேண்டும் என்பதால் நான் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, சூடு ஏறுகிறதா என்று பார்க்கக் கையைப் பெட்டி மேலேயே வைத்திருந்தேன். வெள்ளையம்மா அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டார். மத்தியானச் சோறு ஆக்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்தம் கேட்காத தூரத்துக்கு, மிளகுக் கொடிகள் பக்கம் போய்விட்டார்.

டெஸ்ட் முடிகிற வரை நான் அசையவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றுதான். கரண்ட் போய்விடுமோ, பஸ் போய்விடுமோ என்று உள்ளுக்குள் மட்டும் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் பூங்கொடி எழுந்து நேராக மிளகுக் கொடிப் பக்கம் போனாள். நானும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்லீங்க அத்தை" என்றாள்.

"நீ கேக்கலியே சாமி" என்றார் வெள்ளையம்மா.

கிளம்பும்போது அடுத்த மழைக்கு இதை எங்கே வைப்பது என்று என்னைக் கேட்டார். எங்கேயும் வைக்க வேண்டாம், தினமும் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், ஓடுகிற சூட்டிலேயே ஈரம் அண்டாது என்றேன். பட்டன் எது என்று கேட்டு ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பூங்கொடிக்கு வேலை கிடைத்தது. அடுத்த ஐப்பசியில் அவர்கள் நம்பரிலிருந்து போன் வந்தபோது, மறுபடி என்ன ஆயிற்றோ என்று பதறித்தான் எடுத்தேன். வெள்ளையம்மா பேசினார். பையன் வந்துவிட்டானாம். பையன், மருமகள், குழந்தை மூன்று பேரும் பைல் நாட்டுக்கு விருந்துக்குப் போயிருக்கிறார்களாம், மலையில் நல்ல மழையாம்.

"தெனமும் பொட்டியப் போட்டு உட்டுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருக்கறனுங்க. அது பாட்டுக்கு ஓடுது."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குள் போனாலும் யார் தொட்டது என்று நான் கேட்பதில்லை. நீங்கள் இல்லாதபோது இதை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கிறேன்.