“தீவைச் சுத்திப் பாத்தியோ?”

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் மாத நடுவில் நடந்தது இது. நாங்கள் இருப்பது இத்தாலியின் பலெர்மோவில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒடுங்கிய தெரு ஒன்றில். ஓகஸ்ட் வந்தால் இந்த ஊரில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும். நான் வேலை செய்யும் வீட்டுச் சின்யோரா மகளோடு கடற்கரை வீட்டுக்குப் போய்விடுவார். என் கணவர் துப்புரவு வேலை பார்க்கும் மாடிக் கட்டடத்திலும் ஆட்கள் இருக்கமாட்டார்கள். அந்த நாட்களில் நாங்கள் வேறு வீடுகளில் சில்லறை வேலை தேடிக்கொள்வோம். பதினைந்து வருடமாக எங்கள் விடுமுறை அப்படித்தான் போனது.

அந்த வருடம் அதை மாற்றியவர் என் அப்பா. அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரர். அம்மா காலமான பிறகு என் தம்பி குடும்பத்தோடு அங்கேயே இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைப்போம். சுகம் விசாரித்து முடிந்ததும் அவரிடம் ஒரே கேள்விதான் இருக்கும்.

“நீ இருக்கிறதும் தீவுதானே பிள்ளை. சுத்திப் பாத்தியோ?”

“அப்பா, இது உங்கடை தீவு மாதிரி சைக்கிளிலை சுத்துற இடமில்லை. சிசிலி பெரிசு.”

“அப்ப காரிலை சுத்து.”

சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். வேலை செய்யும் வீடு, கபோ சந்தை, சாந்தா ரோசாலியாவின் மலைக்கோயில், இவற்றைத் தாண்டி நான் எதையும் பார்த்ததில்லை. அந்தப் புனிதையின் மலைக்குச் சைவம், கிறிஸ்தவம் என்ற பேதமில்லாமல் எங்கள் ஆட்கள் எல்லோரும் ஏறுவார்கள். அதற்கு மேல் ஊர் பார்க்க ஆருக்கு நேரம்? அப்பா விடுவதாக இல்லை. கடைசியில் என் கணவர் ஒரு நண்பரிடம் சின்னக் கார் ஒன்றை இரவல் வாங்கினார். ஐந்து நாளில் தீவை ஒரு சுற்றுச் சுற்றி வருவதென்று முடிவானது. புறப்படுமுன் அப்பா அவரோடும் கதைத்தார். நான் சமையலறையில் புளிச்சோறு கட்டிக்கொண்டிருந்ததால் என்ன கதைத்தார்கள் என்று கேட்கவில்லை.

முதல் நாள் நன்றாகவே போனது. செஃபலூவில் கடல் பார்த்தோம், புளிச்சோறு சாப்பிட்டோம், இரவு ஒரு கடற்கரை ஊரில் சின்ன அறை எடுத்துத் தங்கினோம். பத்து வயது மகளும் ஏழு வயது மகனும் கட்டிலில் குதித்து ஒரு பலகையை உடைக்கப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை நான் மகளுக்குத் தலை இழுத்துப் பின்னிக்கொண்டிருந்தபோது அவருடைய கைத்தொலைபேசி அடித்தது. எடுத்துக்கொண்டு வெளியே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகமும் சட்டையும் நனைந்திருந்தன.

“என்ன, முகம் கழுவினீங்களோ, இல்லாட்டிக் குழாய் உடைஞ்சுதோ?” என்றேன்.

“சரியான வெக்கை.”

“ஆர் எடுத்தது?”

“வேலையிடத்திலை இருந்து.”

நான் வாய்க்காரி. ஒருவரை நக்கலடிக்கக் கிடைத்தால் விடமாட்டேன். அந்த நாலு நாளும் நான் அவரை விட்டுவைக்கவில்லை.

அன்று திந்தாரிக்குப் போனோம். மலையுச்சியில் கறுப்பு மாதா கோயில் இருக்கிறது. பலெர்மோவில் இருந்து எங்கள் ஆட்கள் பஸ் பிடித்துப் போகும் கோயில் அது. என் கணவர் வாசலோடு நின்றுவிட்டார்.

“நீர் பிள்ளையளோடை போய்க் கும்பிட்டிட்டு வாரும். நான் நிக்கிறன்.”

“கார் ஓடியே களைச்சுப் போனியளோ? மாதா கோவிக்கப் போறா.”

நான் உள்ளே போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வைத்தேன். அப்பாவுக்கு இருதயத்தில் கொஞ்சம் கோளாறு இருந்தது. அவர் நல்ல சுகத்தோடு இருக்கவேண்டும் என்றுதான் கும்பிட்டேன்.

வெளியே வந்து கீழே பார்த்தேன். மலையடியில் கடலுக்குள் நீளமாக மணல்திட்டுகள், அவற்றுக்கு நடுவில் தேங்கி நிற்கும் பச்சைத் தண்ணீர். எங்கள் தீவுக்குப் போகும் பாதையில் இரண்டு பக்கமும் தெரியும் ஆழமில்லாத பரவைக்கடல் அப்படியே இருந்தது. உடனே அப்பாவுக்கு வீடியோ எடுத்தேன். “அப்பா, இஞ்சை பாருங்கோ! எங்கடை கடல்! நான் சுத்திச் சுத்தி வீட்டை வந்திட்டன் போல கிடக்கு!” என்று சொல்லிச் சிரித்தேன். பின்னால் பிள்ளைகளும் “அம்மப்பா, சாவ்!” என்று இத்தாலியனில் வணக்கம் சொல்லிக் கத்தினார்கள். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் பார்த்ததற்கான இரண்டு நீலக் குறிகளும் விழுந்தன. வழமையாக அப்பா ஒரு கட்டைவிரல் படமாவது போடுவார். அன்று போடவில்லை. தம்பிக்கு அழைப்பு எடுத்தேன், அவன் எடுக்கவில்லை. “அப்பாக்குக் காட்டினன் அக்கா” என்று எழுதி மட்டும் அனுப்பினான். அங்கே சிக்னல் சரியில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று முதல் என் கணவர் இறைச்சி, மீன் தொடவில்லை. பிள்ளைகள் இறைச்சி வைத்துப் பொரித்த அரஞ்சினிச் சோற்றுருண்டையைச் சுடச்சுடக் கடிக்க, இவர் பாணும் தக்காளியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன, விரதமோ?” என்றேன்.

“ஓம், விரதம்தான்.”

“ஊர் பாக்க வந்த இடத்திலை விரதம் பிடிக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்.”

முகமும் வழிக்கவில்லை. கட்டில் மெத்தை சரியில்லை என்று இரவில் நிலத்தில் துவாயை விரித்துப் படுத்தார். மூன்றாம் நாள் தவோர்மினாவுக்குக் கீழே உள்ள கடற்கரையில் நாங்கள் எழும்புமுன்பே போய்த் தலைமுழுகிவிட்டு வந்தார். கடலுக்கு ஒருநாளும் இறங்காத மனிதருக்கு இப்போதாவது ஆசை வந்ததே என்று நினைத்தேன். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் இறங்கினார். மகள் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

“மம்மா, பப்பா கடலுக்கை நிண்டு அழுறார். ஜூரோ, சத்தியமா!”

“உப்புத் தண்ணி கண்ணிலை பட்டிருக்கும்.”

அந்தக் கடற்கரையில் மகள் என்னை ஒரு படம் எடுத்தாள். கையில் எலுமிச்சை கிரனீத்தா ஐஸ், வாய் நிறையச் சிரிப்பு. என் வாழ்நாளில் நான் அப்படிச் சிரித்த படம் வேறு இல்லை. அதையும் அப்பாவுக்கு அனுப்பினேன்.

சிராக்கூசா வந்தபோது எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிள்ளைகளும் சிணுங்கத் தொடங்கினார்கள். நடு வழியாகப் போகும் பெருந்தெருவைப் பிடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம், மீதியை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றேன். என் கணவர் எதிலும் பிடிவாதம் காட்டாதவர். அன்று காரை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“தீவைச் சுத்திக் காட்டுறன் எண்டு மாமாவுக்குச் சொன்னனீர். சுத்தி முடிச்சிட்டுத்தான் வீட்டை போறம்.”

“மாமாவுக்கு மருமகன்தான் வேணும், மகள் ஆருக்கு வேணும்!” என்று சண்டை பிடித்தேன். அவர் காரை எடுத்தார். தெற்குக் கரை முழுக்க ஓடினோம். அக்ரிஜென்தோவில் பழைய கோயில்களைப் பார்த்தோம். மேற்குக் கரையால் ஏறி ஐந்தாம் நாள் பின்னேரம் பலெர்மோவுக்கு வந்து சேர்ந்தோம். வழி நெடுக நான் வீடியோ அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் நீலக் குறி விழுந்தது.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. பக்கத்து வீட்டு மன்னார் அக்காவிடம் திறப்புக் கொடுத்திருந்தோம், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனேன். எங்கள் சின்ன அறையில் இருந்த தளபாடமெல்லாம் சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தன. சமையலறையில் மூடிவைத்த சட்டிகளில் மற்ற வீடுகளில் சமைத்த சோறும் மரக்கறியும். எங்கள் அடுப்பு மூட்டப்படவில்லை. தெரிந்த பெண்கள் நாலைந்து பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

இந்தக் கதிரைகளை நானே எத்தனை வீடுகளில் அடுக்கியிருக்கிறேன். ஊரில் ஒரு சாவு விழுந்தால் இங்கே பலெர்மோவில் கதிரை போடுவோம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது, ஆர் என்பது மட்டும்தான் விளங்கவில்லை.

திரும்பி அவரைப் பார்த்தேன். “ஆர்?” என்றேன்.

“மாமா,” என்றார்.

“எப்ப?”

“இரண்டாம் நாள் விடிய.”

அதற்குப் பிறகு நடந்தவை துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கின்றன. அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்கினேன். நெஞ்சில் அடித்தேன். பிள்ளைகள் பயந்து அழுதார்கள். அவர் என் கையைத் தடுக்காமல் நின்றார். மன்னார் அக்காதான் என்னைப் பிடித்து இருத்தினார்.

பிறகு சொன்னார்கள். அன்று காலையே என் கணவர் விமானச் சீட்டுக்கு எடுத்துக் கேட்டிருக்கிறார். ஓகஸ்ட் கூட்டத்தில் ஒரு கிழமைக்கு இடமில்லை. உடலை மறுநாளே எடுப்பதென்று ஊரில் முடிவாகிவிட்டது. எப்படியும் நான் போய்ச்சேர முடியாது. அப்போதுதான், புறப்படுமுன் அப்பா தன்னிடம் சொன்னது அவருக்கு நினைவு வந்திருக்கிறது: “பிள்ளையள் எல்லாத்தையும் பாக்கட்டும் தம்பி. என்ன வந்தாலும் இடையிலை திருப்பிக்கொண்டு வந்திடாதையும்.” கார் பழுதாவதையோ எங்கள் சண்டையையோ நினைத்துத்தான் அப்பா அதைச் சொல்லியிருப்பார். இவருக்கு அது மாமாவின் கடைசிச் சொல்லாகிவிட்டது. தம்பியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, பலெர்மோவில் எல்லோருக்கும் எடுத்து என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். ஐந்து நாளும் ஒருவரும் எனக்கு எடுக்காததை, எல்லோரும் கடலில் குளிக்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

கோயில் வாசலில் அவர் நின்றதும் அப்போதுதான் விளங்கியது. சாவுத் துடக்கோடு கோயிலுக்குள் போகக்கூடாது. செய்தி கேட்டவருக்குத்தான் துடக்கு, கேளாதவளுக்கு இல்லை என்று தனக்குள் ஒரு நியாயம் வைத்து என்னை மட்டும் அனுப்பியிருக்கிறார். நானோ செத்துப்போன அப்பாவின் சுகத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்திருக்கிறேன். இரவு அந்தக் கடற்கரைப் படத்தை எடுத்து நேரத்தைப் பார்த்தேன். ஊரில் அப்பாவைச் சுடலைக்குக் கொண்டுபோன நேரத்தில் நான் கிரனீத்தாவோடு சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். படத்தை அழித்தேன். அவரோடு கதைப்பதை நிறுத்தினேன். ஒரே வீட்டுக்குள் இருந்து பிள்ளைகள் மூலமாகத்தான் கதை போய்வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு விமானச் சீட்டுக் கிடைத்தது. நான் தனியாகப் போனேன். கிரியைகள் முடிந்து கீரிமலைக் கடற்கரையில் இருந்து வீட்டுக்கு வந்த பிறகு, அயல்வீட்டு மாமி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“எடி பிள்ளை, நீ கொப்பரோடை கதைச்சதை நாங்கள் எல்லாரும் கேட்டனாங்கள்.”

“நான் எங்கை மாமி கதைச்சனான்? எனக்குத் தெரியவே தெரியாதே.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டு அப்பாவின் தொலைபேசியைக் கொண்டுவந்தான். அத்தான் சொல்லித்தான் செய்தேன் என்றான். அப்பாவைக் கிடத்தியிருந்தபோது நான் அனுப்பிய திந்தாரி வீடியோ வந்திருக்கிறது. என் கணவர் உடனே எங்களை விட்டு ஒதுங்கிப் போய் அவனுக்கு எடுத்து, “மாமான்ரை காதுக்குக் கிட்டப் பிடி, அவள் காட்டுறதை அவர் கேக்கட்டும்” என்று சொல்லியிருக்கிறார். அவன் சத்தத்தைக் கூட்டி அப்பாவின் காதருகில் பிடித்திருக்கிறான். ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கிறார்கள். பிறகு அனுப்பியவற்றை, அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றும்போதெல்லாம் போட்டிருக்கிறான். தெற்குக் கரை, மேற்குக் கரை, பலெர்மோ வரைக்கும்.

வெளியே வந்து பலெர்மோவுக்கு எடுத்தேன். மணி அடித்தவுடனே எடுத்தார்.

“எல்லாம் முடிஞ்சுதோ?” என்றார்.

“முடிஞ்சுது. நீங்கள் சாப்பிட்டீங்களோ?”

“இல்லை. மாமாவுக்குப் படைச்சனான். ஆக்கள் வந்து சாப்பிடுகினம். பிறகுதான்.”

என் கணவருக்குச் சமைக்கத் தெரியாது என்பது எனக்கு ஞாபகம் வந்தது. கேட்டேன், மன்னார் அக்கா துணையோடு எல்லாம் மரக்கறியாகச் சமைத்தாராம். அந்த முப்பத்தொரு நாளும் அவர் மச்சமாமிசம் தொடவில்லை, முகம் வழிக்கவில்லை. பயணம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்திலேயே இருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. நான் தொலைபேசியை வைக்கவில்லை. அவரும் வைக்காமல் மறுமுனையில் நின்றார்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் தொலைபேசியில் கதறுவதைக் கேட்டுப் பழகிய ஊர் எங்களுடையது. எங்கள் அப்பாவின் தலைமாட்டில் மட்டும் மகள் சிரித்திருக்கிறாள். என் அப்பாவுக்காக அழும் நாளை என்னிடமிருந்து மறைத்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு அப்பாவைப் போய்ச்சேர வேண்டும் என்பதற்காக, என் பங்கு அழுகையையும் சேர்த்து ஒரு மனிதர் கடலுக்குள் நின்று தனியே அழுதார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது.