பேட்டரி வெளியில இருந்துச்சுங்க

மொதல்லயே சொல்லிப்போடறேனுங்க, பேய் பிசாசு, காத்துக் கருப்பு எதையும் நம்பற ஆளு நான் இல்ல. முப்பது வருசம் பாலிடெக்னிக்குல எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக் குடுத்தவன். கரண்டு இல்லாம எதுவும் பேசாது, பாடாது, ஒரு சின்ன லைட்டு கூட மினுக்காதுன்னு பசங்களுக்கு மொத கிளாசுலயே சொல்லுவேன். அத இப்பவும் சொல்லுவேன். ஆனா அந்த ஒரு ஞாயித்துக்கிழமைய மட்டும் எந்தக் கணக்குல சேக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, சிரிக்கத் தயாராத்தான் உக்காந்திருக்கறீங்க. சிரிங்க, வேண்டாங்கல. முழுசாக் கேட்டுப்போட்டுச் சிரிங்க.

போன மாசம் எங்கூட்டுக்கு வைஃபை ரூட்டர் மாட்ட வந்தாங்க. என்ற மக சரவணம்பட்டில கம்ப்யூட்டர் கம்பெனில வேல பாக்கறா, அவதான் பக்கத்துல நின்னு எல்லாம் பாத்துக்கிட்டா. "டப்பாவோட வர்ற பாஸ்வேர்ட அப்படியே உட்டம்னா வீதியே நம்மூட்டுக்குள்ள பூந்துரும்ப்பா, மொத வேலையா அத மாத்தோணும்"னா. எனக்கு அந்த ஞாயித்துக்கிழமை நெனப்பு வந்துருச்சு. ஏன்னா ரூட்டர்ங்கற பேரே கேள்விப்படாத காலத்துல இதே வேலைய நான் ஒரு தடவ பண்ணிருக்கறேன்.

அப்ப தொண்ணூறுகளுங்க. கல்யாணமாகி ரெண்டு வருசம், நானும் என்ற சம்சாரம் கோமதியும் பீளமேட்டுல ஒரு மாடியூட்டுல வாடகைக்கு இருந்தோம். கீழ ஊட்டுக்காரங்க நாயுடு குடும்பம், ரங்கம்மா அக்கான்னு கூப்பிடுவோம். அந்த வருசந்தான் கார்டுலெஸ் போன் வாங்குனேன். அடியில ஒரு டப்பா, அது டெலிபோன் லைன்ல மாட்டிருக்கும், கையில எடுத்துப் பேசறதுக்கு ஒரு துண்டு, அதுக்கு ஒயரே இல்ல, மொட்டமாடி வரைக்கும் எடுத்துட்டுப் போயிப் பேசலாம். எனக்கு ஒரே பெருமை. வீதில நாலு பேருகிட்டச் சொன்னேன், நாலு பேரும் அதே கடைக்குப் போயி அதே மாடல வாங்கியாந்துட்டாங்க. வெனை அங்கதான் ஆரம்பிச்சுது.

அந்தப் போனுக்கும் பாஸ்வேர்டு மாதிரி ஒரு கோடு நம்பர் உண்டுங்க. டப்பாவுக்கு அடியில அரிசி மாதிரி எட்டுக் குட்டி சுவிச்சு, கையில எடுக்கறதுல பேட்டரிக்குக் கீழ அதே மாதிரி எட்டு. ரெண்டும் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஒண்ண ஒண்ணு அடையாளம் கண்டுக்கும். கடையில இருந்து வர்றப்ப எல்லாத்துக்கும் ஒரே கோடு, யாரும் மாத்தல. அதனால எங்கூட்டுக்கு வர்ற போன மூணாவது ஊட்டு மில்லுக்காரரும் எடுத்துப் பேசிக்கலாம். எங்க பக்கம் அப்பெல்லாம் சம்சாரம் புருசன் பேரச் சொல்ல மாட்டாங்க, எல்லா ஊட்டுலயும் 'ஏனுங்க'தான். அப்புறம் எந்த 'ஏனுங்க' எந்த ஊட்டு 'ஏனுங்க'ன்னு யாரு கண்டா? ஒரு தடவ கோமதி வெளிய டெலிபோன் பூத்துல இருந்து கூப்பிட்டு, "ஏனுங்க, முருங்கக்காய் ரெண்டு போதுமா நாலு வேணுமா"ன்னு கேட்டிருக்கறா. அந்த மில்லுக்காரர் தன்ற சம்சாரம்னு நெனச்சு "நாலே வாங்கீட்டு வா அம்மிணி"ன்னுட்டாரு. நாலு முருங்கக்காயோட வந்து நின்னா. எனக்கு முருங்கக்காயே ஆகாதுங்க. அன்னைக்கு ரெண்டு பேரும் உளுந்து உளுந்து சிரிச்சோம்.

அப்புறம் கோமதி மொதப் பிரசவத்துக்கு ஈரோட்டுல அவங்கம்மா ஊட்டுக்குப் போயிட்டா. அந்த ஊட்டுல போன் கெடையாது, வீதிமொன பூத்துல இருந்து கூப்பிடுவா. எட்டாவது மாசம், ஒரு சனிக்கிழமை கூப்பிட்டா. இடுப்பு ஒரு மாதிரி வலிக்குதுங்க, மனசே செரியில்ல, நாளைக்கு ஒரெட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னா. அவ அப்படியெல்லாம் கேக்கற ஆளே இல்ல. நான் பதில் சொல்றதுக்குள்ள லைன்ல யாரோ தொண்டையக் கனைச்சாங்க. கேட்டுட்டே இருந்திருக்கறாங்க!

எனக்கு வந்துதே கோவம். பொண்டாட்டி இடுப்பு வலின்னு சொல்றா, எனக்கு அது காதுல ஏறல. ஊட்டுப் பேச்ச ஊரு கேக்குதேன்னு அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள. "நாளைக்கு இந்தப் போன ஒரு வழி பண்ணாம உடறதில்ல, அடுத்த வாரம் வாரேன், நீ படுத்து ஓய்வெடு"ன்னு சொல்லிப்போட்டேன். அவ "செரிங்க"ன்னா. அவ்வளவுதான். அந்தச் 'செரிங்க'வ நெனச்சா எனக்கு இன்னைக்கும் சோறு எறங்காது.

ஞாயித்துக்கிழமை காலைல இட்டிலியத் தின்னு, குளிச்சுப்போட்டு மேசைமேல பேப்பர விரிச்சு உக்காந்தேன். மணி பத்து இருக்கும், பளீர்னு வெயில். மொதல்ல டப்பாவுல எட்டு சுவிச்சையும் மாத்துனேன், எனக்கு மட்டுந் தெரிஞ்ச வரிசை. அப்புறம் கையில எடுக்கறதத் திருப்பி, பின்மூடியக் கழட்டி, பேட்டரிய எடுத்துப் பக்கத்துல காப்பி டம்ளர்கிட்ட வெச்சுட்டு, காலி ரீஃபில் முனையால ஒவ்வொரு சுவிச்சாத் தள்ளீட்டிருந்தேன். மூணு தள்ளிருப்பேன்.

"ஏனுங்க... வாரேனுங்க."

கோமதி கொரலுங்க. வேற யாரோட கொரலும் இல்ல. அது எங்கிருந்து வந்துதுன்னா கையில இருந்த போனுல இருந்துதான், வேற எங்கயும் இல்ல. ஒரு மூச்சு உடற நேரம் கழிச்சு மறுக்கா ஒரு தடவ, மெலிசா, "வாரேன்"னு கேட்டுச்சு.

நான் என்ன பண்ணுவேன், பழக்கதோசம், போனக் காதுல வெச்சு "செரி, வா கண்ணு"ன்னேன். அதுக்கப்புறம் ஒண்ணுமில்ல. கொர்ர்னு ஒரு சத்தம் கூட இல்ல.

நம்புனா நம்புங்க, அப்ப எனக்குத் துளி பயமில்லீங்க. கோவந்தான் வந்துது. நான் போகலைன்னதும் கோவிச்சுட்டு இவளே கெளம்பிட்டா பாரு, எட்டு மாச வயித்தோட பஸ்சுல குலுங்கீட்டு வாராளே, அறிவிருக்குதான்னு தனியா நின்னு திட்டுனேன். உள்ளுக்குள்ள சந்தோசமும் இருந்துச்சு. ஊடு கூட்டி, பாலு வாங்கியாந்து, அரிசிய ஊற வெச்சேன். பனண்டு மணி வாக்குல, சும்மா இருக்கறதுக்கு அந்தப் போன் வேலைய முடிச்சரலாம்னு மேசைக்கு வந்தேன். வந்து பாத்தா, காப்பி டம்ளர்கிட்ட பேட்டரி.

எப்படிங்க?

பேட்டரி வெளியில இருக்குது. நான் எங்க வெச்சனோ அங்கயே இருக்குது. அதுக்குள்ள பேட்டரி இல்லாம அந்தப் போனு ஒரு துண்டு பிளாஸ்டிக்குங்க, சோப்பு டப்பாவும் அதுவும் ஒண்ணு. பேசுனதுக்கப்புறம் கழட்டுனமோன்னு யோசிச்சுப் பாத்தேன். கழட்டாம சுவிச்சத் தொடவே முடியாதே, பேட்டரிக்கு அடியிலல்ல இருக்குது! காதுல வெச்சுப் பாத்தேன், கல்லு மாதிரிக் கெடந்துது. கீழூட்டு ரேடியோவா இருக்குமோன்னு எறங்கிப் போனேன். ரங்கம்மா அக்கா சின்ன வெங்காயம் உரிச்சுட்டிருந்தாங்க, ரேடியோ ரிப்பேர்னு துணி போட்டு மூடிக் கெடக்குது. யார்கிட்டயாவது சொன்னாத் தேவலாம்போல இருந்துச்சு, சொன்னேன். பேட்டரியப் பத்திச் சொல்லல, கோமதி வாரேன்னு போன்ல சொன்னா, இன்னும் வரலீங்கக்கான்னு மட்டுஞ் சொன்னேன்.

அந்தக்கா வெங்காயத்துல இருந்து தலைய நிமுத்தாமயே, "வாரேன்னா வருதுன்னு ஏந் தம்பி எடுத்துக்கறீங்க? பேசி முடிச்சு வெக்கறப்பவும் வாரேன்னுதான சொல்றோம். ஊட்ட உட்டுக் கெளம்பறப்பவும் போறேன்னா சொல்றோம்? வாரேன்னுதான?"ன்னாங்க.

அவங்க சாதாரணமாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அது வேற மாதிரிப் பட்டுது.

போட்ட சட்டையோட அவினாசி ரோட்டுக்கு ஓடுனேன், கையக் காட்டி ஈரோடு பஸ்சு ஒண்ண நிறுத்தி ஏறுனேன். நின்னுட்டேதான் போனேன். பெருந்துறை தாண்டறதுக்குள்ள எத்தன சாமிய வேண்டுனேன்னு கேக்காதீங்க, சாமியே இல்லைன்னு வாதம் பண்ணிட்டுத் திரிஞ்சவன். எறங்கி அவங்கூட்டுக்குப் போனா பூட்டு. வீதில தறி ஓடற சத்தத்துல பக்கத்தூட்டம்மா சொன்னது மொதல்ல எனக்குப் புரியல. ஆஸ்பத்திரிங்கறது மட்டுந்தான் கேட்டுச்சு.

ஆஸ்பத்திரில என்னையப் பாத்ததும் மாமியா, "மாப்பளைக்கு யாருங்க சொன்னாங்க?"ன்னு அழுதாங்க. காலைல ஒம்பதரைல இருந்து பூத்துல நின்னு மாமன் கூப்பிட்டுட்டே இருந்தாராம், ரிங்கு போகுது, யாரும் எடுக்கலையாம். எப்படி எடுப்பேன்? நாந்தான் கோட மாத்தி, பேட்டரியக் கழட்டி வெச்சிருந்தேனே. டப்பாவுல மணி அடிக்காதுங்க, கையில எடுக்கறதுலதான் அடிக்கும். அதுக்கு முந்தி ஒம்பதரைக்கு, நான் குளிக்கப் போயிருந்தேன். பக்கத்தூட்டுக்காரங்களாச்சு எடுத்திருப்பாங்களேம்பீங்க. அன்னைக்குன்னு பாத்து யாரும் எடுக்கல. பத்து மணிக்கப்புறம் எடுக்க முடியாதபடி நான் பூட்டிப்போட்டேன்.

வயித்துக்குள்ள நஞ்சுக்கொடி விட்டுப்போயி ரத்தம் நிக்கலைன்னாங்க. அவளுக்கு பி நெகட்டிவ், லேசுல கெடைக்கற ரத்தம் இல்ல. இருந்த ஒரு பாட்டிலும் ஏத்தியாச்சு, மாமன் ஊரெல்லாம் அலஞ்சுட்டிருக்கறாரு. எனக்கும் பி நெகட்டிவுங்க. ஜாதகத்துல பத்துப் பொருத்தம் பாத்தாங்க, யாரும் பாக்காத பொருத்தம் இது. உடனே படுக்கப்போட்டு எடுத்தாங்க. இன்னும் அர மணி நேரம் கழிச்சு வந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணிருக்க முடியாதுன்னு டாக்டரம்மா அப்புறமாச் சொன்னாங்க.

கோமதி பொழச்சா. கொழந்தை நான் போறதுக்கு முந்தியே போயிருச்சு. பொண்ணு.

அடுத்த நாள் மத்தியானம் அவளுக்கு நல்லா நெனப்பு வந்துச்சு. நான் எதையும் சொல்லல, கையப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன். அவளாத்தான் ஆரம்பிச்சா.

"நேத்து நீங்க எதுக்குங்க வான்னு சொன்னீங்க?"

நான் இன்னும் கிட்டக் குனிஞ்சேன்.

"கண்ணெல்லாம் இருட்டிக்கிட்டு வந்துச்சு. செரி, கெளம்பறோம்போலன்னு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டேன், வாரேனுங்கன்னு. நீங்க செரி வா கண்ணுன்னீங்க. நான் போறேன்னு சொல்றேன், இவரு 'வா'ங்கறாரே, எங்க வரச் சொல்றாருன்னு ஒண்ணும் வெளங்கல. அப்படியே நின்னுட்டேனுங்க."

நான் அழுதேன். வெக்கமில்லாம அழுதேன். அப்புறந்தான் கேட்டேன், ரெண்டாவது தடவ வாரேன்னு ஏங் கண்ணு அவ்வளவு மெல்லச் சொன்னேன்னு. அவ என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. "ரெண்டு தடவயா? ஒருக்காத்தானுங்க சொன்னேன்"னா. இல்ல, 'வாரேனுங்க'ன்னு ஒண்ணு, அப்புறம் வெறும் 'வாரேன்'னு ஒண்ணுன்னேன். "ங்க போடாம உங்ககிட்ட நான் என்னைக்குங்க பேசிருக்கறேன்?"னா. பேசுனதே இல்லீங்க. இன்னைய வரைக்கும் இல்ல.

எனக்குத் தெரிஞ்ச சமாதானமெல்லாம் சொல்லிப் பாத்துட்டேன். களைப்புல காதுக்குள்ள கேட்டதுன்னு வெச்சாலும் அவளுக்கு என்ற பதில் கேட்டது எப்படி? பேட்டரி விசயம் நானே மறந்து கொழப்பிக்கறேன்னு வெச்சாலும் டப்பாவுல கோடு வேற, கையில இருந்ததுல கோடு பாதி வேற. எந்தப் பக்கம் போனாலும் முட்டுது. கேட்டது ரெண்டு கொரல்னா, நான் சொன்னது ஒரே ஒரு 'வா'ங்க. அது ஒருத்திக்குத்தான் கேட்டுருக்குது. அதுக்கு மேல யோசிக்க எனக்குத் தெம்பில்ல.

ரெண்டு வருசங்கழிச்சு இவ பொறந்தா, இப்ப ரூட்டர் மாட்டறப்பப் பக்கத்துல நின்னாளே, இவதான். அப்பங்கிட்ட ங்க கிங்க எதுவும் போட மாட்டா, செல்லம். பாஸ்வேர்டெல்லாம் மாத்தி முடிச்சுட்டு, செல்போன எடுத்துட்டு மொட்டமாடிக்குப் போனா, அங்க சிக்னல் எடுக்குதான்னு பாக்க. மேல இருந்து எனக்குக் கூப்பிட்டா. நல்லா எடுக்குதுப்பான்னா. அப்புறம் ஒரு மூச்சு உடற நேரம் கழிச்சு, மெலிசா, "வாரேன்"னா.

நான் "வா கண்ணு, வா"ன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்றேன், இருபது இருபத்தஞ்சு வருசமா. எறங்கி வந்து கேக்கறா, "ஏம்ப்பா, ஒரு தடவ சொன்னா எனக்குக் கேக்காதா, எதுக்கு எப்பப் பாத்தாலும் ரெண்டு வா?"ன்னு.